கணிப்பொறிக்கு எழுத்தறிவித்த அம்மையார்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், மின்னணுவியல்)

மின்னணுவியல் பயிலும் மாணவர் எவரும் நாளொன்றுக்குப் பத்து முறையாவது சொல்லும் சொல் ‘கம்பைல்’ என்பது. ஆங்கிலச் சொற்களும் கணக்குக் குறிகளும் கலந்த நிரலை நாம் எழுதுகிறோம். கட்டைவிரல் நகத்தளவே உள்ள மைக்ரோகன்ட்ரோலருக்கோ 0, 1 என்னும் இரண்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. இடையில் நின்று நம் எழுத்தை அதன் எழுத்தாக மாற்றித் தருவது கம்பைலர் என்னும் இன்னொரு நிரல். ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறோம். வந்து பார்த்தால் வேலை முடிந்திருக்கிறது, அல்லது பிழைப்பட்டியல் ஒன்று நீண்டு கிடக்கிறது. இப்படி ஒன்று முடியும் என்று முதன்முதலில் செய்து காட்டியவர்களுள் முன்னிற்பவர் அமெரிக்கப் பெண்மணி ஒருவர். கிரேஸ் ஹாப்பர் என்பது அவர் பெயர். நம் துறையில் அவரைப் பற்றிய கதை ஒன்றே ஒன்றுதான் வழங்குகிறது: கணிப்பொறிக்குள் பூச்சியைப் பிடித்தவர் என்பது. அந்தக் கதையும் பாதிதான் உண்மை. ஆகவே அவர் வரலாற்றைச் சற்று விரிவாக எழுத விரும்பினேன்.

1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். மூன்று குழந்தைகளில் மூத்தவர். ஏழு வயதில் வீட்டிலிருந்த எழுப்புமணிக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அதைக் கழற்றினார். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. எப்படிப் பூட்டுவது என்று அறிய அடுத்த கடிகாரத்தைக் கழற்றினார். இப்படி ஏழு கடிகாரங்கள் உதிரியாகக் கிடந்தபோதுதான் தாயார் கண்டார். அடிக்கவில்லை, இனிமேல் ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கட்டளையிட்டாராம். இந்தத் தாயாரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தந்தையார் இரத்தநாள நோயால் இரு கால்களையும் இழந்தவர். மகனுக்குக் கிடைக்கும் படிப்பு மகள்களுக்கும் கிடைக்க வேண்டும், அவர்கள் தம் காலில் நிற்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

வாசர் என்னும் மகளிர் கல்லூரியில் சேர 16 வயதில் நுழைவுத் தேர்வு எழுதிய கிரேஸ், இலத்தீன் மொழித் தாளில் தேறவில்லை. ஓராண்டு காத்திருந்து 1924இல் சேர்ந்தார். 1928இல் கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930இல் முதுகலை, 1934இல் கணிதத்தில் முனைவர் பட்டம். இதற்கிடையே 1930இல் வின்சென்ட் ஹாப்பர் என்பவரை மணந்தார். 1945இல் மணவிலக்குப் பெற்ற பின்னும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். தாம் படித்த வாசர் கல்லூரியிலேயே 1931 முதல் கணித ஆசிரியை. அமைதியான வேலை, நல்ல பெயர். அப்படியே இருந்திருந்தால் இன்று அவரை யாருக்கும் தெரிந்திராது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கினர். அமெரிக்கா போரில் இறங்கியது. அவருடைய கொள்ளுப்பாட்டனார் கடற்படைத் தளபதியாக இருந்தவர். தாமும் கடற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம் என்றார்கள். எடையும் குறைவு, 105 பவுண்டுதான் இருந்தார், அதாவது 48 கிலோ. விடாமல் முயன்று விலக்கு வாங்கி 1943 டிசம்பரில் சேர்ந்தார். பயிற்சிப் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறினார். கப்பலுக்கு அனுப்புவார்கள் என்று எண்ணியிருந்தவரை 1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கூடத்தில் இருந்தது மார்க் 1 என்னும் கணிப்பொறி.

அதன் நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை ஏறத்தாழ 5 டன். உள்ளே ஏழரை இலட்சம் உறுப்புகள், 500 மைல் நீளக் கம்பி. இவ்வளவும் சேர்ந்து ஒரு நொடியில் மூன்று கூட்டல் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஆறு நொடி ஆகும். இன்று நூற்றைம்பது ரூபாய்க்கு விற்கும் மைக்ரோகன்ட்ரோலர் ஒரு நொடியில் பல இலட்சம் கூட்டல்களைச் செய்து முடிக்கும். மார்க் 1க்குக் கட்டளை கொடுத்த விதம் நம் பகுதி மக்களுக்கு எளிதில் விளங்கும். இளம்பிள்ளையில் சேலை நெய்யும் தறிக்கு மேலே ஜக்கார்டு அட்டைகள் துளையிடப்பட்டுச் சங்கிலியாகத் தொங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். எந்தத் துளை இருக்கிறதோ அதற்கேற்பப் பாவு நூல் மேலே எழும், பூ விழும். மார்க் 1இலும் அப்படித்தான். அட்டைக்குப் பதில் நீண்ட காகித நாடா. ஒவ்வொரு வரிசையிலும் துளை உண்டா இல்லையா என்பதே கட்டளை. ஒரு துளை இடம் மாறினால் சேலையில் பூ கெடும். இங்கே கணக்குக் கெடும்.

தலைவராக இருந்த ஹோவர்டு எய்க்கன் கடுமையானவர். வந்த அன்றே ஹாப்பரிடம் அந்த இயந்திரத்தைக் காட்டி, ஒரு கோணவியல் சார்பின் கெழுக்களை 23 இலக்கம் வரை கணக்கிட வேண்டும், கெடு ஒரு வாரம் என்றார். சொல்லிக்கொடுக்கப் பாடநூல் இல்லை. பின்னர் அந்தப் பாடநூலை எழுதும் வேலையும் ஹாப்பர் தலையிலேயே விழுந்தது. 1946இல் வெளிவந்த அந்த 500 பக்க நூலே இவ்வகை நூல்களுக்கெல்லாம் முன்னோடி. இயந்திரம் இரவும் பகலும் ஓடியது. நின்றுபோனால் அதன் பக்கத்திலேயே படுத்திருந்தவர்கள் எழுந்து பார்க்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பையிலுள்ள சிறு கண்ணாடியை உள்ளே காட்டி, எந்த ரிலேயில் பொறி பறக்கிறது என்று தேடியதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு.

1944இன் பிற்பாதியில் ஜான் வான் நியூமன் என்னும் கணித மேதை ஒரு சமன்பாட்டைக் கொண்டுவந்தார். உள்நோக்கி வெடிக்கும் கோளம் பற்றியது என்று மட்டுமே அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். 1945 ஆகஸ்டு 9இல் நாகசாகி மீது விழுந்த அணுகுண்டின் அமைப்புக்கான கணக்கு அது என்பதை அவர்கள் அப்போது அறியவில்லை. ஹாப்பரைப் புகழ்ந்து எழுதும் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். துளையிட்ட நாடாவுக்குத் தான் எதைக் கணக்கிடுகிறது என்று தெரியாது. நாடாவைத் துளையிட்டவர்களுக்கும் தெரிவிக்கப்படவில்லை.

இனி அந்தப் பூச்சிக் கதை. போருக்குப் பின் ஹார்வர்டில் மார்க் 2 என்னும் கணிப்பொறியைக் கட்டினார்கள். அது ஆயிரக்கணக்கான ரிலேக்களால் ஆனது. ரிலே என்றால் வேறொன்றுமில்லை. நம் கிணற்று மோட்டாருக்கு இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியின் தம்பி. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரண்டு முனைகள் ஒட்டும், நின்றால் விலகும். நாமக்கல், ராசிபுரம் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் திடீரென்று ஓடாமல் போனால் பெரியவர்கள் முதலில் ஸ்டார்ட்டர் பெட்டியைத்தான் திறப்பார்கள். பெரும்பாலும் உள்ளே ஒரு பல்லி கருகிக் கிடக்கும். சில சமயம் எறும்புக் கூட்டம். முனைகளுக்கு இடையில் அது சிக்கிக்கொண்டால் எவ்வளவு விசையாக இழுத்தாலும் ஒட்டாது.

ஹார்வர்டில் நடந்ததும் இதுதான். கோடை காலம், சன்னல்கள் திறந்திருந்தன. 1947 செப்டம்பர் 9ஆம் நாள் பிற்பகல், எஃப் பலகையில் 70ஆம் எண் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி நசுங்கிக் கிடந்தது. அதை எடுத்து அன்றைய பதிவேட்டில் ஒட்டி, நேரம் 3.45 என்று குறித்து, உண்மையான பூச்சி ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட முதல் நிகழ்ச்சி இது என்னும் கருத்தில் வேடிக்கையாக ஒரு வரி எழுதி வைத்தார்கள். பிடித்தவர் ஹாப்பர் அல்லர். அங்கு வேலை செய்த மற்றவர்கள். பிழைக்குப் ‘பூச்சி’ என்று பெயர் வந்ததும் அன்றைக்கு அன்று. பொறியாளர்கள் அச்சொல்லை முன்னரே வழங்கினர். எடிசன் 1870களிலேயே எழுதியிருக்கிறார். முன்னரே இருந்த சொல்லாதலால்தான் அந்த வேடிக்கைக்கு இடம் வந்தது. ஹாப்பர் செய்தது அந்தக் கதையைப் போகுமிடமெல்லாம் சுவையாகச் சொன்னதுதான். ஆனால் எனக்கு அந்தக் கதையில் பூச்சியைவிட ஏடுதான் பெரிதாகத் தெரிகிறது. எத்தனை மணிக்கு எந்தக் கணக்கைத் தொடங்கினோம், எப்போது நின்றது, எந்தப் பலகையைத் திறந்தோம் என்று நாள்தோறும் எழுதி வைத்திருந்தார்கள். அப்படி எழுதும் பழக்கம் இருந்த இடத்தில்தான் பூச்சியை ஒட்டவும் ஒரு பக்கம் இருந்தது.

இந்தப் பழக்கத்தின் பயனைச் சென்ற ஆண்டு நானே கண்டேன். எங்கள் வீடு குமாரபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையை ஒட்டியது. அப்பா அங்கே தறி ஓட்டுகிறார். நான் படிப்பதற்கென்று அவர் தவணையில் வாங்கிக் கொடுத்த பழைய கணிப்பொறி ஒன்று உண்டு. என் மாமா தோட்டத்து மோட்டாரைக் கைப்பேசி வழியே நிறுத்த ஈ.எஸ்.பி.32 என்னும் மைக்ரோகன்ட்ரோலருக்கு நிரல் எழுதினேன். கம்பைல் செய்யத் தொடங்கினால் மூன்றாம் நிமிடத்தில் கணிப்பொறி பட்டென்று அணைந்துவிடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. ஒரு கடையில் காட்டியபோது மதர்போர்டு போய்விட்டது, நான்காயிரம் ஆகும் என்றார்கள். அப்பாவின் வாரக் கூலியை நினைத்துக்கொண்டு திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதத் தொடங்கினேன். நாள், நேரம், என்ன வேலை ஓடியது, எத்தனையாம் நிமிடத்தில் அணைந்தது. தட்டச்சு செய்யும்போது மணிக்கணக்கில் நிற்கிறது; கம்பைல் செய்யும்போது மட்டும் அணைகிறது. நினைவகம் பழுதோ என்று சோதனை நிரலை இரவெல்லாம் ஓடவிட்டேன், பழுதில்லை. தறிகள் ஓடுவதால் மின்னழுத்தம் குறைகிறதோ என்று, பட்டறை விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தேன், அப்போதும் அணைந்தது. பிறகு வெப்பநிலையைக் காட்டும் நிரல் ஒன்றை நிறுவி அரை நிமிடத்துக்கு ஒரு முறை குறித்தேன்: 58, 71, 84, 93, 97. அதற்கு மேல் எழுத முடியவில்லை, திரை இருண்டுவிட்டது. நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே மூச்சில் மொழிபெயர்க்கும்போது செயலியின் எல்லாப் பகுதிகளும் முழுமூச்சாக உழைக்கின்றன. சூடு எல்லை கடந்தால் கருகிப் போகாமல் இருக்கத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தேன். விசிறிக்கு அடியில் உள்ள அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தறிப் பஞ்சு மெத்தை போல அடைத்திருந்தது. பெயின்ட் பிரஷும் மிதிவண்டிப் பம்பும் போதுமானவையாக இருந்தன. அடுத்த முறை 66க்கு மேல் ஏறவில்லை. அந்தப் பஞ்சில் ஒரு துணுக்கை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஹாப்பரிடம் திரும்புவோம். 1949இல் ஹார்வர்டில் அவருடைய ஒப்பந்தக் காலம் முடிந்தது. அவருக்கு அங்கே நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் அவர் குடிப்பழக்கத்துக்கு ஆட்பட்டு மிகவும் துன்புற்றார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பெரியோர் வாழ்க்கையை எழுதும்போது இத்தகையவற்றை விட்டுவிடும் வழக்கம் உண்டு. விட்டுவிட்டால், நாற்பது வயதுக்கு மேல் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கிய ஒருவரின் உழைப்பு நமக்கு எப்படி விளங்கும்?

பிலடெல்பியாவில் எக்கர்ட்டும் மாக்லியும் நடத்திய சிறு நிறுவனத்தில் சேர்ந்தார். யூனிவாக் என்னும் கணிப்பொறி அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கு முன் அவர்கள் கட்டிய பைனாக்குக்கு எட்டடிமான எண்களில்தான் கட்டளை எழுத வேண்டும். அதாவது 7க்குப் பிறகு 10 வரும். ஹாப்பர் அதை நன்றாகக் கற்றார், கூட்டினார், கழித்தார். சில மாதங்களில் அவருடைய வங்கிக் கணக்கு எவ்வளவு பார்த்தும் நேராகவில்லை. வங்கியில் பணியாற்றிய தம்பிதான் மூன்று நாள் மாலையில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்: அக்காள் அவ்வப்போது எட்டடிமானத்தில் கழித்திருக்கிறார். மனிதர் இயந்திரத்தின் எண்ணைக் கற்றுத் தம் எண்ணை மறப்பதைவிட, இயந்திரம் மனிதரின் எழுத்தைக் கற்கட்டுமே என்னும் எண்ணம் அவருக்கு வலுப்பட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. ஹார்வர்டிலேயே சைன், வர்க்கமூலம் முதலியவற்றைக் கணக்கிடும் துணைநிரல்களை ஆளுக்கொரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஒருவர் நோட்டிலிருந்து மற்றவர் பார்த்து எழுதிக்கொண்டார்கள். எழுதும்போது 4 என்பது ஏ போல ஆகும், பி என்பது 13 போல ஆகும். துணைநிரல் ஒவ்வொன்றும் சுழியாம் வரியில் தொடங்குவதாக எழுதப்பட்டிருக்கும். அதை 300ஆம் வரியில் வைத்தால் உள்ளேயுள்ள முகவரி ஒவ்வொன்றோடும் 300ஐக் கூட்ட வேண்டும். கணிதத்தில் முனைவர்கள், ஆனாலும் கூட்டலில் தவறினார்கள். பார்த்து எழுதுவதும் கூட்டுவதும் இயந்திரத்துக்குக் கைவந்த கலை. அந்த வேலையை அதனிடமே கொடுத்தால் என்ன?

1951, 52ஆம் ஆண்டுகளில் அதைச் செய்து முடித்தார். துணைநிரல்களையெல்லாம் காந்த நாடாவில் நூலகம் போல அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரெண் கொடுத்தார். நாம் எண்களை வரிசையாகச் சொன்னால், இயந்திரமே நாடாவைத் தேடி எடுத்து, முகவரிகளைக் கூட்டிச் சரிசெய்து, ஒரே நிரலாகத் தொகுத்துத் தரும். தொகுப்பதால் அதற்குக் கம்பைலர் என்று பெயரிட்டார். நம் கலைச்சொற்களில் தொகுப்பி என்பது அந்தப் பொருளை அப்படியே காட்டுகிறது. அதன் பெயர் ஏ-0. இன்றைய கம்பைலரோடு ஒப்பிட்டால் அது மொழிபெயர்ப்பாளர் என்பதைவிடக் கோப்பாளர் என்பதே பொருந்தும். ஆயினும் வாசல் திறந்தது அங்கேதான்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. நிரலில் பின்னால் வரப்போகும் ஓர் இடத்துக்குத் தாவ வேண்டும் என்றால், அந்த இடம் எங்கே விழும் என்று அப்போது தெரியாதே? ஹாப்பர் கல்லூரி நாளில் கூடைப்பந்து ஆடியவர். பந்தை நேரே கூடைக்கு எறிய முடியாதபோது இடையில் நிற்பவருக்கு எறிவோம். அவர் முன்னே ஓடியவருக்குத் தருவார். அதுபோல நினைவகத்தின் ஓரத்தில் பொதுமூலை ஒன்றை ஒதுக்கினார். தாவல் முதலில் அங்கே போகும். உரிய இடம் தெரிந்தபின் அந்த மூலையில் அதன் முகவரி குறிக்கப்படும். ஒரே ஓட்டத்தில் நிரல் முழுதும் முடிந்தது. இதைப் படித்தபோது விளையாட்டு மைதானத்துக்குப் போகும் நம் வகுப்பு நண்பர்களை இனிக் கேலி செய்வதில்லை என்று முடிவு செய்தேன்.

ஓடும் கம்பைலர் கையில் இருந்தும் பலர் நம்பவில்லை. கணிப்பொறிக்குக் கணக்குப் போடத்தான் தெரியும், நிரல் எழுதத் தெரியாது என்றார்கள். அதே பத்தாண்டுகளில் நம் நாட்டிலும் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த இரா. நரசிம்மன் முதலிய இளைஞர்கள் 2700 வெற்றிடக் குழல்களைக் கொண்டு ஒரு கணிப்பொறியைக் கட்டிக்கொண்டிருந்தனர். 1960இல் அது பணிக்கு வந்தது. 1962இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்.

ஹாப்பர் அடுத்த படிக்குப் போனார். கணிதக் குறிகள் கணிதம் படித்தவர்களுக்குப் போதும். சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் எழுதும் எழுத்தருக்கு? அவர்களுக்கு நாள்தோறும் பழகிய சொற்களிலேயே நிரல் இருக்க வேண்டும் என்றார். மேலதிகாரிகளுக்குச் செய்து காட்டும்போது ஒரு சிறு நிரலை ஆங்கிலச் சொற்களில் ஓட்டினார். அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் செருமன் சொற்களிலும் ஓட்டினார். இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்றே, சில சொற்களின் பட்டியலை மாற்றினால் போதும் என்று காட்டுவது அவர் நோக்கம். அதிகாரிகள் திகைத்துப் போனார்கள். பென்சில்வேனியாவில் செய்த கணிப்பொறிக்குப் பிரெஞ்சும் செருமனும் எப்படிப் புரியும் என்று கேட்டு மறுத்துவிட்டார்கள். ஆங்கிலம் மட்டுமே என்று உறுதி கூறிய பிறகுதான் வேலை நடந்தது. ஃபுளோமேட்டிக் என்னும் மொழி உருவாயிற்று.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலப் பிழைச் செய்திகளுக்கு முன் உட்கார்ந்த எனக்கு, இந்த நிகழ்ச்சியைப் படித்ததும் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நம் இயந்திரங்கள் ஆங்கிலம் மட்டுமே பேசுவது இயற்கை விதியன்று. ஓர் அலுவலக அறையில் சிலர் எடுத்த முடிவும் அதில் சேர்ந்திருக்கிறது. பிற்காலத்தில் தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத ‘எழில்’ என்னும் மொழி வந்தது. அதில் ஒரு சுழற்சியை எழுதிப் பார்த்தேன். ஓடியது.

1959இல் அமெரிக்க அரசும் நிறுவனங்களும் கூடி, எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொதுவான வணிக மொழி ஒன்றை வகுக்கக் குழு அமைத்தன. அதுதான் கோபால், நம்மூர் ஆள் பெயர் போலத் தோன்றும். அதை ஹாப்பரே படைத்தார் என்று சிலர் எழுதுவது மிகை. அவர் ஆலோசகர், எழுதியது குழு. ஆனால் அதன் எலும்புக்கூடு பெரும்பாலும் ஃபுளோமேட்டிக்தான். 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல் இரு வேறு நிறுவனங்களின் கணிப்பொறிகளில் ஓடிக் காட்டியது.

1966 இறுதியில், 60 வயதில், கடற்படை அவரை ஓய்வு பெறச் செய்தது. ஏழு மாதத்தில் திரும்ப அழைத்தது. கடற்படையில் ஒவ்வொரு கணிப்பொறியும் ஒவ்வொரு விதமான கோபால் பேசியது. ஒழுங்குபடுத்த ஆறு மாதம் வேண்டும் என்றார்கள். அந்த ஆறு மாதம் 19 ஆண்டுகளாக நீண்டது. அங்கே அவர் குழு செய்த பெரும்பணி, கம்பைலர்களையே சோதிக்கும் நிரல்கள். நம் நிரல் தவறா, கம்பைலர் தவறா என்ற ஐயம் எல்லோருக்கும் வருவதுண்டு; அதைத் தீர்க்க முறையான வழி வகுத்தவர்களுள் அவரும் ஒருவர். இளைஞர்களைப் பயிற்றுவதில்தான் அவருக்குப் பேரின்பம். எப்போதும் இப்படித்தான் செய்து வருகிறோம் என்னும் பேச்சைக் கேட்டால் அவருக்குப் பிடிக்காது. அலுவலறையில் இடப்பக்கமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். அதிலும் மணி பார்க்க முடிந்தது.

செயற்கைக்கோள் வழிச் செய்திக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று தளபதிகள் கேட்பார்களாம். ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோ நொடியில் மின்சாரம் கடக்கக்கூடிய தொலைவு ஓரடிக்குச் சற்றுக் குறைவு. அந்த நீளத்துக்குக் கம்பித் துண்டுகளை வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார். நமக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவே இத்தகைய துண்டுகள் எத்தனை என்று அவர்களே எண்ணிக்கொள்ளட்டும் என்று.

1985இல் ரியர் அட்மிரல் ஆனார். 1986 ஆகஸ்டு 14 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் பழம்பெரும் போர்க்கப்பலான கான்ஸ்டிடியூஷன் மீது ஓய்வு விழா நடந்தது. அப்போது அவருக்கு வயது 79. அடுத்து ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்து பணியாற்றினார். 1992 சனவரி 1ஆம் நாள் உறக்கத்தில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். 1997இல் அவர் பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று பணியில் சேர்ந்தது. கம்பித் துண்டுகளில் ஒரு கட்டு வாஷிங்டன் நகர் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மார்க் 2இன் பதிவேடும் அங்கேதான். அந்துப்பூச்சி இன்னும் அந்தப் பக்கத்தில் ஒட்டியபடியே இருக்கிறது.